கணினி இல்லாமல் நிரல் எழுத ஒரு பட்டன் ரோபோ: செய்முறையும் கோளாறுகளும்

இரண்டு சக்கரம், ஆறு பட்டன். முன்னே, பின்னே, இடம், வலம் என்று கட்டளைகளை வரிசையாக அழுத்தி, கடைசியில் ‘போ’ பட்டனைத் தட்டினால் ரோபோ அந்த வரிசைப்படியே நகரும். ஆறாவது பட்டன் அழிப்பதற்கு. போன், கணினி எதுவும் வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளை இதை ஓட்டலாம். பத்து வயதைத் தாண்டிய பிள்ளை உள்ளே இருக்கும் நிரலையே திறந்து மாற்றலாம்.

யோசனை புதிதல்ல. சிறுவர்களுக்கான நிரல் மொழியான லோகோ 1967இல் உருவானது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், தரையில் ஊர்ந்து கோடு போடும் ‘ஆமை’யைச் சிறுவர்களிடம் கொண்டுபோனார். அந்த ஆமை ஒரு பெரிய கணினியோடு கேபிளால் பிணைக்கப்பட்டிருந்தது. இன்று அதே வேலையைக் கட்டைவிரல் நீளப் போர்டு ஒன்று செய்துவிடுகிறது.

மலிவான ரோபோ கிட்டுகளில் காசு போகும் இடம் சென்சார், புளூடூத், பளபளக்கும் விளக்கு. தொடக்க நிலைப் பிள்ளைக்கு இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு: அதே கட்டளைக்கு ரோபோ ஒவ்வொரு முறையும் அதே போலப் போக வேண்டும். வலப்பக்கம் திரும்பு என்றால் இன்று 80 டிகிரி, நாளை 97 டிகிரி என்று திரும்பும் ரோபோவை வைத்துக்கொண்டு, தப்பு தன் கட்டளையிலா இயந்திரத்திலா என்று ஒரு பிள்ளையால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் இந்த வடிவமைப்பில் உழைப்பு முழுவதும் துல்லியத்துக்கே போகிறது.

மோட்டார்

கிட்டுகளில் வரும் மஞ்சள் நிற டிசி கியர் மோட்டாரை இதற்கு எடுக்க வேண்டாம். எத்தனை மில்லி செகண்ட் ஓட்டினோம் என்பதை வைத்துத்தான் அதன் தூரத்தைக் கணக்கிட முடியும். பேட்டரி இறங்க இறங்க தூரமும் குறையும். ஒரே பெட்டியில் வந்த இரண்டு மோட்டார்கூட ஒரே வேகத்தில் ஓடாது, ரோபோ ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போகும். என்கோடர் (சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று எண்ணும் கருவி) மாட்டிச் சரிசெய்யலாம், ஆனால் செலவும் சிக்கலும் கூடும்.

இங்கே வைப்பது 28பிஒய்ஜே-48 என்ற சின்ன ஸ்டெப்பர் மோட்டார் (சின்னச் சின்ன ஸ்டெப்பாக, எண்ணிச் சுழற்றக்கூடிய வகை) இரண்டு, ஒவ்வொன்றையும் இயக்க ஒரு யூஎல்என்2003 டிரைவர் போர்டு. பேட்டரி எந்த நிலையில் இருந்தாலும் ஒரு ஸ்டெப் என்றால் ஒரு ஸ்டெப்தான். இது மெதுவாக ஓடும் மோட்டார், 5 வோல்ட்டில் நிமிடத்துக்குப் பன்னிரண்டு சுற்று என்பது நம்பிக்கையான வேகம். 65 மி.மீ. சக்கரத்தோடு நொடிக்கு 4 செ.மீ. போகும். பெரியவர்களுக்கு இது ஆமை வேகமாகத் தெரியும். பிள்ளைகளுக்கோ அடுத்த கட்டளை என்னவென்று யோசித்தபடியே கூடப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

வாங்கும்போது லேபிளில் 5 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். தோற்றத்தில் வித்தியாசமே தெரியாத 12 வோல்ட் வகையும் உண்டு. சந்தேகமாக இருந்தால் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, சிவப்பு ஒயருக்கும் மற்ற ஏதாவது ஓர் ஒயருக்கும் நடுவே அளக்கலாம். 5 வோல்ட் மோட்டாரில் சுமார் 50 ஓம் காட்டும். 100 ஓமுக்கு மேல் காட்டினால் அது 12 வோல்ட் வகை. அதையும் 5 வோல்ட்டில் மாட்டினால் லேசாக அதிரும், சுமையை இழுக்காது.

மற்ற சாமான்கள்: ஆர்டுயினோ நானோ (நிரலை ஓட்டும் சின்னப் போர்டு) ஒன்று, 12 மி.மீ. பட்டன் ஆறு (6 மி.மீ. பட்டன் சின்ன விரல்களுக்குச் சரிவராது), ஒலி எழுப்பப் பாஸிவ் பஸ்ஸர் ஒன்று, சார்ஜ் செய்யக்கூடிய ஏஏ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நான்கும் அதற்கான ஹோல்டரும், ஆன்-ஆஃப் சுவிட்ச், 1என்5819 டயோடு, 470 மைக்ரோ ஃபாரட் 16 வோல்ட் கப்பாசிட்டர், 65 மி.மீ. சக்கரம் இரண்டு, ஒரு பந்துச் சக்கரம், 3 மி.மீ. பிளைவுட்டில் 14க்கு 12 செ.மீ. அளவில் ஒரு தட்டு. பிரெட்போர்டு சோதனைக்கு மட்டும். பிள்ளைகள் தூக்கித் திரியும் பொருளில் ஜம்பர் ஒயர் நிற்காது, ஓட்டைப் போர்டில் சோல்டர் செய்துவிடுங்கள்.

சட்டமும் சக்கரமும்

மோட்டாரின் காதுகளில் உள்ள இரண்டு ஓட்டைகளுக்கு இடையே மையத்துக்கு மையம் 35 மி.மீ. தண்டு மோட்டாரின் நடுவில் இருக்காது, 8 மி.மீ. ஒதுங்கியிருக்கும். இதைக் கவனிக்காமல் ஒரு மோட்டாரை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் மாட்டினால் ஒரு சக்கரம் தரையைத் தொடும், மற்றது 16 மி.மீ. மேலே தொங்கும். இரண்டு மோட்டாரிலும் ஒயர் வெளிவரும் நீல மூடி மேலே பார்க்கும்படி மாட்டினால் தண்டுகள் ஒரே நேர்கோட்டில் வந்துவிடும். ஸ்க்ரூவை முடுக்கும் முன் ஒரு நேரான இரும்பு ஸ்கேலை இரண்டு தண்டுகளின் மேலும் வைத்துப் பார்ப்பது நல்லது.

சக்கரம்தான் பலரும் ஏமாறும் இடம். டிசி மோட்டாருக்கென்று விற்கும் 65 மி.மீ. சக்கரத்தின் ஓட்டை சுமார் 5.4க்கு 3.7 மி.மீ. இந்த ஸ்டெப்பரின் தண்டோ 5 மி.மீ. விட்டம், தட்டையான பக்கத்தில் 3 மி.மீ. போட்டால் உட்காரும், ஆனால் ஆடும். அந்த ஆட்டம் நேரடியாகத் திருப்பக் கோணத்தைக் கெடுக்கும். தண்டின் மேல் ஹீட் ஷ்ரிங்க் குழாயை ஒரு சுற்றுப் போட்டுச் சூடாக்கி, பிறகு சக்கரத்தை அழுத்தி ஏற்றினால் இறுகிக்கொள்ளும். சூப்பர் க்ளூ வேண்டாம். அது தண்டு வழியாக உள்ளே வழிந்து கியர் பெட்டியையே பூட்டிவிடும்.

இரண்டு டயரின் நடுக்கோடுகளுக்கு இடையே 110 மி.மீ. வைக்கலாம். மோட்டார்கள் போக நடுவில் ஏறக்குறைய 30 மி.மீ. இடம் மிஞ்சும். அங்கே, இரு சக்கரங்களுக்கும் சரிநடுவில், 12 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டால் மார்க்கர் பேனா செருகலாம். இந்த ஓட்டை அச்சுக் கோட்டின் (இரு சக்கரங்களையும் இணைக்கும் நேர்கோடு) மேல்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் ரோபோ திரும்பும்போது பேனா நின்ற இடத்திலேயே சுழலும். 10 மி.மீ. முன்னால் போய்விட்டால் ஒவ்வொரு மூலையிலும் ஒரு வளைவு விழும். பேனா தன் எடையில் மட்டும் காகிதத்தைத் தொடட்டும். ஸ்பிரிங் வைத்து அழுத்தினால் சக்கரம் வழுக்கும்.

பேட்டரி ஹோல்டர் அச்சுக்குச் சற்றுப் பின்னால், பந்துச் சக்கரத்துக்கு முன்னால் இருக்கட்டும். பந்துச் சக்கரத்தின் தலைக்கு மேலேயே வைத்தால் எடை முழுவதும் அதன் மீது விழுந்து, ஓட்டும் சக்கரங்களுக்குப் பிடிமானம் போய்விடும். வளவளப்பான டைல்ஸ் தரையில் இது உடனே தெரியும்: மோட்டார் சுற்றும், ரோபோ திரும்பாது.

மின்சாரம்

நான்கு செல்லின் பிளஸ் முனை சுவிட்ச் வழியாக வந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை நேராக இரண்டு டிரைவர் போர்டுகளுக்கும் போகும். மற்றது 1என்5819 டயோடு வழியாக நானோவின் 5 வோல்ட் பின்னுக்கு (இணைப்புக் கால்) போகும். மைனஸ் எல்லாம் ஒன்று: பேட்டரி, இரண்டு டிரைவர், நானோ. மைனஸ் இணைப்பு ஒன்று விட்டுப்போனால் டிரைவர் போர்டின் நான்கு சிவப்பு விளக்குகளும் மனம்போனபடி மினுக்கும், மோட்டார் நகராது.

டயோடு எதற்கு? புதிதாகச் சார்ஜ் ஏற்றிய நான்கு செல் 5.6 வோல்ட் வரை காட்டும். நானோவில் உள்ள சிப்புக்கு 5.5 வோல்ட்தான் வரம்பு. டயோடில் ஏறக்குறைய 0.3 வோல்ட் குறைந்துவிடுகிறது. செல்லைத் திருப்பிப் போட்டாலும் நானோ தப்பும். யூஎஸ்பி மாட்டி நிரல் ஏற்றும்போது அந்த மின்சாரம் பேட்டரிக்குள் பாய்வதையும் அதே டயோடு தடுக்கிறது. சாதாரண அல்கலைன் செல் நான்கு புதிதாகப் போட்டால் 6.4 வோல்ட் வரை வரும். டயோடு இருந்தும் அது அதிகம். சார்ஜ் செய்யும் செல்லையே வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தை நானோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து எடுக்கக் கூடாது. ஓடும்போது ஒரு மோட்டாருக்குச் சராசரியாக 120 மில்லி ஆம்ப் போகும், இரண்டுக்கும் சேர்த்து 240. கப்பாசிட்டரை டிரைவர் போர்டுகளின் பிளஸ் மைனஸுக்குக் குறுக்கே, முனை மாறாமல் சோல்டர் செய்யவும். அது இல்லாவிட்டால் மோட்டார் கிளம்பும் கணத்தில் நானோ ரீசெட் ஆகி, பிள்ளை அழுத்திய கட்டளைகள் அத்தனையும் மறைந்துபோகும்.

பவர் பேங்க் வைத்தால் என்ன என்று தோன்றும். பெரும்பாலான பவர் பேங்குகள் மின்சாரம் குறைவாக எடுக்கும் கருவியை ‘ஒன்றும் மாட்டவில்லை’ என்று கருதித் தானாக அணைந்துவிடும். பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த ரோபோ எடுப்பது 20, 30 மில்லி ஆம்ப்தான். யோசித்து முடிப்பதற்குள் ரோபோ தூங்கியிருக்கும். 2000 மில்லி ஆம்ப் மணி செல்லில் ஏறக்குறைய 7 மணி நேரம் இடைவிடாமல் ஓடும், நின்று நின்று ஓடினால் இன்னும் அதிகம்.

ஒயரிங்

இடது மோட்டார் டிரைவரின் நான்கு உள்ளீடுகள் நானோவின் டி2 முதல் டி5 வரையுள்ள பின்களுக்கு, வலது மோட்டார் டி6 முதல் டி9 வரை, பஸ்ஸர் டி10. டி0, டி1 இரண்டையும் தொட வேண்டாம், நிரல் ஏற்றுவது அவற்றின் வழியாகத்தான். பட்டன்கள் ஏ0 முதல் ஏ5 வரை. அனலாக் பின்களானாலும் டிஜிட்டலாகப் பயன்படும். ஏ6, ஏ7 இரண்டும் காலியாகக் கிடக்கிறதே என்று அங்கே பட்டன் மாட்டினால் வேலை செய்யாது. அவற்றுக்கு டிஜிட்டல் வசதியும் இல்லை, உள் புல்-அப்பும் (பட்டனை அழுத்தாதபோது பின்னை 1 நிலையில் பிடித்துவைக்கும் வசதி) இல்லை.

ஒவ்வொரு பட்டனின் ஒரு முனை பின்னுக்கு, மறுமுனை மைனஸுக்கு. நிரலில் உள் புல்-அப் போட்டுவிட்டால் தனி ரெசிஸ்டர் தேவையில்லை. அழுத்தாதபோது 1, அழுத்தினால் 0. நான்கு கால் பட்டனில் இரண்டிரண்டு கால்கள் உள்ளேயே இணைந்திருக்கும். தவறான ஜோடியை எடுத்தால் பட்டன் எப்போதும் அழுத்தியது போலவே இருக்கும். குறுக்காக எதிரெதிரே உள்ள இரண்டு கால்களை எடுத்தால் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் சரியாக வரும்.

நிரல்

மோட்டாருக்குள் நான்கு காயில் (கம்பிச் சுருள்) உண்டு. அரை ஸ்டெப் முறையில் அவற்றுக்கு எட்டு நிலைகள்: முதல் காயில் மட்டும், முதலும் இரண்டும், இரண்டு மட்டும், இரண்டும் மூன்றும் என்று போய், நான்கும் முதலும் சேர்ந்து ஒரு வரிசை முடிகிறது. தூரத்துக்கு இதுதான் கணக்கு: மோட்டாருக்குள் ஒரு சுற்றுக்கு 64 அரை ஸ்டெப், கியர் விகிதம் 63.68. பெருக்கினால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 4076. பல இடங்களில் 4096 என்று இருக்கும், அது விகிதத்தை 64 என்று முழுமையாக்கிய எண். 65 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 204.2 மி.மீ. ஆகவே மி.மீ.க்கு 19.96 அரை ஸ்டெப். 15 செ.மீ. கட்டம் ஒன்றைக் கடக்க 2994. 110 மி.மீ. அச்சு நீளத்தில் (இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம்) 90 டிகிரி திரும்ப, ஒவ்வொரு சக்கரமும் 86.4 மி.மீ. உருள வேண்டும். அது 1724 அரை ஸ்டெப்.

இரண்டு அரை ஸ்டெப்புகளுக்கு நடுவே 1200 மைக்ரோ செகண்ட் இடைவெளி. 1000க்குக் கீழே கொண்டுபோனால் மோட்டார் ‘ர்ர்ர்’ என்று உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். தொடக்கத்தில் 2500இல் ஆரம்பித்து முதல் 50 ஸ்டெப்புக்குள் 1200க்குக் குறைத்தால் கிளம்பும்போது ஸ்டெப் தவறாது. நகர்வு முடிந்ததும் நான்கு காயில்களையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சும்மா நிற்கும்போதே மோட்டார் சூடாகும், பேட்டரியும் காலியாகும்.

மோட்டார்கள் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிரே இருப்பதால், இரண்டுக்கும் ஒரே திசை கொடுத்தால் ரோபோ பம்பரமாய்ச் சுற்றும். ஒயரை மாற்றாதீர்கள், நிரலில் ஒரு மோட்டாரின் வரிசையை மட்டும் தலைகீழாக்கினால் போதும்.

பிள்ளைகள் கையாளும் விதத்தை வைத்துச் சில முடிவுகள். ஒவ்வொரு பட்டனுக்கும் தனிச் சுருதி. தவறி அழுத்தினால் காதே சொல்லிவிடும். ஒரு கட்டளைக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை நொடி நிறுத்தம் வேண்டும், அது இல்லாமல் மூன்று ‘முன்னே’ சேர்ந்து ஒரே நீண்ட ஓட்டமாகத் தெரியும், எண்ண முடியாது. ‘அழி’ ஒரு நொடி அழுத்திப் பிடித்தால் மட்டுமே வேலை செய்யட்டும். ஓடும்போது ‘போ’வை மறுபடி தட்டினால் ரோபோ நிற்க வேண்டும், மேசை விளிம்பை நோக்கிப் போகும் ரோபோவுக்கு இது அவசியம். இதற்காக ஸ்டெப் சுழற்சிக்குள்ளேயே அந்தப் பட்டனைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். அங்கே ஒரு பொறி: கிளப்ப அழுத்திய விரல் இன்னும் எடுக்கப்படாமல் இருக்கும், நிரல் அதையே ‘நில்’ என்று எடுத்துக்கொண்டு ஒரு ஸ்டெப்பில் நின்றுவிடும். விரல் எடுக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகு ஓட்டத்தைத் தொடங்கினால் சரியாகும். பட்டன் துள்ளலுக்கு (ஒரே அழுத்தலில் தொடர்பு பலமுறை விட்டுச் சேர்வது) 30 மில்லி செகண்ட் விட்டால் போதும். கட்டளை ஒன்றுக்கு ஒரு பைட், 64 கட்டளை வரை வைக்கலாம். நினைவகம் அதற்கு மேலும் இருக்கிறது, பிள்ளைகளுக்குத்தான் அதற்கு மேல் கணக்கு வைக்க முடியாது.

நிரல் ஏற்ற மறுத்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். கேபிள் சார்ஜ் மட்டும் செய்யும் வகையா? கணினியில் சிஎச்340 டிரைவர் (நானோவின் யூஎஸ்பி சிப்போடு கணினி பேச உதவும் மென்பொருள்) இருக்கிறதா? ஆர்டுயினோ மென்பொருளில் பிராசஸர் பட்டியலில் பழைய பூட்லோடர் (நிரலை வாங்கிக்கொள்ளும் உள் நிரல்) என்ற தேர்வை மாற்றிப் பார்த்தீர்களா? மலிவான நானோ பலவற்றுக்கு அந்த மூன்றாவதுதான் மருந்து.

அளவுத் திருத்தம்

மேலே சொன்ன 2994, 1724 இரண்டும் காகிதக் கணக்கு. டயர் அமுங்கும், சக்கரத்தின் விட்டம் சொன்னபடி இருக்காது. முதலில் தூரம். பத்து ‘முன்னே’ கொடுத்து, 1500 மி.மீ. வர வேண்டிய இடத்தில் எவ்வளவு வந்தது என்று அளக்கவும். 1482 வந்தால் புதிய எண் 2994 × 1500 ÷ 1482, அதாவது 3030. தூரம் சரியான பிறகே கோணத்துக்குப் போக வேண்டும்.

கோணத்துக்கு இருபது ‘வலம்’ கொடுக்கலாம், ஐந்து முழுச் சுற்று. 1800க்குப் பதில் 1785 டிகிரியில் நின்றால் 1724 × 1800 ÷ 1785, விடை 1738. ஒரே ஒரு 90 டிகிரியைக் கோணமானியால் அளந்து திருத்துவது வீண் வேலை, ஒரு டிகிரிப் பிழை கண்ணுக்கே தெரியாது.

இப்போது பேனாவைச் செருகி ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள்: முன்னே, வலம், நான்கு முறை. தூரம் தப்பாக இருந்தாலும் சதுரம் மூடிவிடும், அளவு மட்டும் மாறும். கோணம் தப்பானால் மூடாது. 15 செ.மீ. சதுரத்தில் திருப்பம் ஒவ்வொன்றிலும் ஒரு டிகிரி குறைந்தால், தொடங்கிய புள்ளிக்கும் முடிந்த புள்ளிக்கும் நடுவே 7 மி.மீ.க்குச் சற்று மேல் இடைவெளி விழும். அச்சு நீளத்தை 1 மி.மீ. தவறாக எடுத்தாலே 6 மி.மீ. இடைவெளி. மலிவான அளவுகோல் இதைவிட வேறு கிடையாது.

அதே சதுரத்தை இடப்பக்கமாகவும் போட வேண்டும். இரண்டு பக்கமும் திருப்பம் ஒரே மாதிரி குறைந்தால் அச்சு நீளக் கணக்குதான் காரணம். ஒரு பக்கச் சதுரம் அதிகமாகவும் மறுபக்கச் சதுரம் குறைவாகவும் திரும்பினால், இரண்டு சக்கரங்களின் விட்டம் சமமில்லை. நேர்கோடே லேசாக வளைகிறது. ஒரு பக்கம் மட்டும் ஸ்டெப் எண்ணைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். இப்படி இரு திசையிலும் சதுரம் போட்டுப் பிழைகளைப் பிரித்தறியும் முறையைப் பெரிய ரோபோக்களுக்காக வகுத்தவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போரன்ஸ்டீனும் ஃபெங்கும், 1990களில்.

இவ்வளவும் செய்தும் ‘முன்னே’வுக்குப் பின் வரும் ‘இடம்’ மட்டும் குறைகிறதென்றால், அது கியர் இடைவெளி. திசை மாறும்போது பற்கள் மறுபக்கம் தொட்டு உட்காரும்வரை சக்கரம் அசையாது. சக்கரத்தை விரலால் மெல்ல முன்னும் பின்னும் ஆட்டினால் அந்தத் தளர்ச்சி கையிலேயே தெரியும். 3 டிகிரி தளர்ச்சி இருந்தால் 34 அரை ஸ்டெப் வீண், ரோபோவின் திருப்பத்தில் 0.9 டிகிரி இழப்பு. நிரலில் ஒவ்வொரு மோட்டாருக்கும் கடைசியாகப் போன திசையை நினைவில் வைத்து, திசை மாறினால் அந்த மோட்டாரை மட்டும் 34 ஸ்டெப் முன்கூட்டியே ஓட்டிவிட்டுப் பிறகு இரண்டையும் சேர்த்து ஓட்டினால் இது தீரும். தளர்ச்சி மோட்டாருக்கு மோட்டார் மாறும், அளந்தே போடுங்கள்.

பிள்ளைகள் கைக்குப் போன பிறகு

சார்ட் பேப்பரில் 15 செ.மீ. கட்டங்கள் போட்டு விரித்தால் விளையாட்டு தயார். முதலில் எல்லாப் பிள்ளைக்கும் வரும் குழப்பம்: ‘இடம்’ அழுத்தினால் ரோபோ இடப்பக்கக் கட்டத்துக்குப் போகும் என்று எதிர்பார்ப்பார்கள். அது நின்ற இடத்தில் திரும்ப மட்டும் செய்யும். ரோபோவுக்கு இரண்டு கண் வரைந்து முகம் வைத்துவிட்டால், எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் எழுந்து அதன் பின்னால் வந்து நின்று யோசிக்கும். கட்டளைகளை அம்புக்குறி அட்டைகளாக வெட்டி, அழுத்தும் முன் தரையில் வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். தப்பு எந்த அட்டையில் என்று விரல் வைத்துக் காட்ட முடிவதால் பிழை திருத்தும் வேலை அங்கேயே நடக்கும்.

பராமரிப்பில் அடிக்கடி வருவது பந்துச் சக்கரத்தில் தலைமுடி சுற்றிக்கொள்வது. ரோபோ திடீரென்று ஒரு பக்கம் இழுத்தால் நிரலைத் திறக்கும் முன் அதைத் திருப்பிப் பாருங்கள். அடுத்தது, பிள்ளைகள் சக்கரத்தைக் கையால் பிடித்துப் பலமாகச் சுழற்றுவது. இந்த மோட்டாருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கியர் பல் அதில்தான் உடையும். பல் உடைந்த மோட்டார் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ‘டக்’ என்று தாவும். பழுது பார்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். மோட்டாரோ சக்கரமோ மாற்றினால் அளவுத் திருத்தத்தை முதலிலிருந்து செய்து, புதிய தூர எண், கோண எண், இரண்டு மோட்டாரின் தளர்ச்சி ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதித் தட்டின் அடியில் ஒட்டிவைக்கவும். பல ரோபோ செய்தால் ஒன்றின் எண் மற்றதற்குப் பொருந்தாது.